யார் சொல்லி வந்தீங்க?

வேலைக்கு வந்து மில் கேட்டாண்ட நிற்கிறவன் முதலில் சொல்ல வேண்டியது தன் பேரை இல்லை, அனுப்பினவன் பேரை. கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் இருபத்தாறு வருசம் உழைத்து ஃபோர்மேன் ஆன பாக்கியநாதனுக்கு இது வேத வசனம் மாதிரி மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஃப்ரீமேசன் சங்கத்திலிருந்து ரெண்டு பேர் அவன் ஊட்டுக்கு வந்தார்கள். சேர மனு போட்டவனை ஊட்டிலேயே போய்ப் பார்த்து, பெண்சாதியையும் ஒரு வார்த்தை கேட்பது அந்தச் சங்கத்து வழக்கம். சங்கத்தை அவர்கள் லாட்ஜ் என்பார்கள். அந்தப் பேரைக் கேட்ட அன்றைக்கே அவன் பெண்சாதி ஞானம்மா, "அம்பத்திரண்டு வயசுல லாட்ஜுக்கு மெம்பரா? ரூம்பு சாவி குடுப்பாங்களா?" என்று கேட்டு முடித்துவிட்டாள்.

வந்தவர்களில் பார்த்திபன் ரிட்டயர்டு இன்ஜினியர். ரகு மருந்துக் கடைக்காரர். அவர்கள் உட்கார்ந்த நாற்காலி ரெண்டும் சர்ச்சிலிருந்து ஞானம்மா கேட்டு வாங்கி வந்தவை. பாக்கியநாதன் நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காருங்க, இது டிஸ்மிஸ் என்கொயரி இல்ல," என்றார் ரகு.

ஸ்டூல் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கடவுள் நம்பிக்கை உண்டா?" என்றார் பார்த்திபன்.

"உண்டு சார். எந்தக் கடவுள்னு சொன்னீங்கன்னா..."

"உங்க கடவுள்தான். வேற யாரு? சரி, உங்களை யாராவது சேரச் சொன்னாங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தான். "எங்க மில்லு மேனேஜர் அன்புசெல்வன் சார்தான் அனுப்பினாரு."

பார்த்திபன் பேனாவை மூடினார். "அவர் எங்க ஆள்தான். ஆனா யாரும் சொல்லாம தானா வர்றவங்களைத்தான் நாங்க எடுக்கிறது. ஒருத்தர் அனுப்பி வந்தா, அதோட முடிஞ்சுது."

பாக்கியநாதனுக்குக் காது சுட்டது. டீ கொண்டுவந்த ஞானம்மா தட்டை வைக்காமலே பேசினாள்.

"யாரு, அந்த மேனேஜரா? அவருக்கு இவரு பேருகூடத் தெரியாது சார். ஆறு மாசமா இதே பேச்சாப் பேசிக்கினு என் உசிர வாங்கினது இந்த மனுசன்தான்."

"ஏ, சும்மா இருடி."

"இன்னா சும்மா இரு? என்னையும் கேக்கத்தானே வந்துகிறாங்க."

ரகு சிரித்துவிட்டார். பார்த்திபன் சிரிக்கவில்லை. "அப்போ எதுக்குப் பொய்?"

"பழக்கம் சார். ஆள் பேரு சொல்லாம எந்தக் கேட்டும் எனக்குத் தொறந்ததில்ல."

"சரி, எதுக்குச் சேரணும்?"

ஏழைகளுக்கு உதவ என்று பாடம் பண்ணி வைத்திருந்தான். வாயில் வந்தது வேறு.

"கிரேன் ஆபரேட்டர் ஆசீர்வாதம் செத்தப்ப மேனேஜர் வந்து பெட்டிக்குத் தோள் குடுத்தாரு. 'எங்க பிரதர்'னாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, ரெண்டு பேரும் ஒரே லாட்ஜாம். என்னைய அவரு 'ஏய்'னுதான் கூப்புடுவாரு சார்."

பார்த்திபன் பேனாவைத் திறந்து என்னவோ எழுதினார். பிறகு ஞானம்மாவிடம், "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்துட்டா போதும். மத்த நாளு எங்கயாவது போவட்டும், ஊடு அமைதியா இருக்கும்."

மூணு வாரம் கழித்து ரகு போன் பண்ணினார். ஓட்டுப் பெட்டியில் ஒவ்வொருத்தரும் கையை விட்டு, சம்மதம் என்றால் வெள்ளைக் குண்டு, இல்லையென்றால் கறுப்புக் குண்டு போடுவார்களாம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் கிடையாது. விழுந்துவிட்டது.

"யாரு போட்டாங்களாம்?" என்றாள் ஞானம்மா.

"தெரியாதாம். தெரியவும் கூடாதாம்."

"மேனேஜரு நெஜமாவே சிபாரிசு பண்ணிருந்தா?"

"பண்ணாலும் கறுப்பு கறுப்புதானாம். அங்க யாரு பேரும் செல்லாதாம்."

"வேணாம்னு தள்ளினவங்களைப் பத்தியா இத்தினி பெருமைப் பேச்சு?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். இரண்டாவது ஷிஃப்ட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"ஒரு வருசம் போனா மறுபடி மனு போடலாமாம்," என்றான் வாசற்படியில் நின்று. "அப்ப கேட்டா, நானேதான் வந்தேன்னு சொல்லுவேன்."