சத்தம் பிடிக்கிற ஆட்டம்

அட்டையில் செய்த ஆந்தையின் ஒரு கண் கழன்று விழுந்தபோது காலை பதினொரு மணிகூட ஆகியிருக்கவில்லை. சிண்டு முதலில் கீழே கிடந்த கண்ணைப் பார்த்தான், அப்புறம் ஆந்தையைப் பார்த்தான், அப்புறம் அழுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தான். அந்த இழுப்பின் நீளத்தை வைத்தே வரப்போகும் அழுகையின் அளவைச் சொல்லிவிடலாம். வீட்டோடு முடங்கியதிலிருந்து பெயிண்டர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலிலிருந்து இறக்காமலே எட்டிப் பையனின் வாயைப் பொத்தினான். அழுகை சூடாகவும் ஈரமாகவும் உள்ளங்கையில் வந்து முட்டியது.

"அம்மா தூங்குறாங்கடா. ஆந்தைக்கு ஒரு கண்ணு போதும். இன்னொரு கண்ணு லீவுல போயிருக்கு."

"எப்ப வரும்?" என்றான் சிண்டு, அப்பாவின் விரல் இடுக்கு வழியாக.

"மழை விட்டதும் வரும்."

மழை விடுவதாக இல்லை. பள்ளிக்கும் விடுமுறை விட்டுவிட்டார்கள். நான்காவது மாடியில் ஓர் அறை, ஒரு கூடம், இரண்டு பிள்ளைகள், ஒன்றரைக் கால் அப்பா. நண்டு, சிண்டு என்பவை அவர்களுடைய பெயர்கள் அல்ல. நிஜப் பெயர்கள் உபயோகப்படுத்தப்படாமல் பிறப்புச் சான்றிதழில் பத்திரமாக இருக்கின்றன. நண்டுக்கு ஆறு வயது, நியாயம் பேசுவாள். சிண்டுக்கு மூன்றரை, நியாயத்துக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அவர்களுடைய அம்மா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிமேல் வைக்கிற வேலை. பெட்டி ஒவ்வொன்றும் இவர்கள் குடியிருக்கும் வீட்டைவிடச் சற்றே பெரியது, காற்றோட்டம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சாயந்திரம் ஏறினால் விடிந்துதான் இறங்குவாள். போன மாதம் ஒரு நாள், பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கொட்டாவி நேரம் அவளுக்குக் கண் சொருகிவிட்டது. கீழே நின்ற லாரிக்காரருக்கு அது தெரியாது. கேமராவுக்குத் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கண்ணு மூடினாலும் சரி, லேட்டா வந்தாலும் சரி, மேல ஏற வேணாம்மா. கீழ நின்னு கொக்கி மாட்டு" என்று சொல்லிவிட்டார். கீழே சம்பளம் பாதி. அதைவிடப் பெரிய விஷயம், மேலே ஏற அவளுக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

ஆகவே பகலில் அவள் தூங்க வேண்டும். வீட்டில் இருக்கும் மற்ற மூவருக்கும் அதுதான் உத்தியோகம். அறைக்குக் கதவு இருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மழையில் உப்பிப்போய் மூட மறுத்த கதவை, இழைத்து மாட்டலாம் என்று பெயிண்டர்தான் கழற்றிவைத்தான். மறுநாள் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்தான். கதவு இப்போது கூடத்துச் சுவரில் சாய்ந்து, அவனைப் போலவே, யாருக்கும் பிரயோஜனமில்லாமல் வீட்டில் இருக்கிறது. அறை வாசலில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது.

செல்போனில் குழந்தைகளுக்கான கைவேலை சொல்லிக்கொடுக்க ஓர் அம்மணி வருவாள், ஆந்தையும் அவள் உபயம்தான். முகம் காட்டமாட்டாள், இரண்டு கைகள் மட்டும். பெயிண்டர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பான், கீழே எழுத்து ஓடும்: உங்கள் வீட்டிலேயே இருக்கும் எளிய பொருட்களை வைத்து. அந்த எளிய பொருட்கள் என்பவை மினுமினுக்கும் பசை, வண்ணப் பஞ்சு உருண்டைகள், அலையலையாக வெட்டும் கத்தரிக்கோல். இவன் வீட்டு எளிய பொருட்கள் பெயிண்ட் படாமலிருக்க ஒட்டுகிற மாஸ்கிங் டேப், உப்புத்தாள், காய்ந்துபோன பிரஷ். அம்மணியின் மேஜையில் இன்றுவரை ஒரு குழந்தையும் கை வைத்ததில்லை என்பதையும் அவன் கவனித்திருந்தான்.

விளையாட்டுகளும் ஆடிப் பார்த்தாகிவிட்டது. அசையாமல் நிற்கிற சிலை ஆட்டத்தில் நண்டு மிகவும் நேர்மையாக நடந்துகொண்டதால், நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். கண்ணாமூச்சிக்கு அந்தச் சாய்ந்த கதவின் பின்பக்கத்தை விட்டால் வேறு இடமில்லை. மூவரும் முறைவைத்து அங்கேயே ஒளிந்தார்கள், முறைவைத்துத் தேடினார்கள், முறைவைத்து ஆச்சரியப்பட்டார்கள்.

ஆந்தையைத் தூக்கி ஓரமாக வைத்தபோது சமையல் மேடையில் குழாய் சொட்டியது. டொக். திரைக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுப்பது கேட்டது. பெயிண்டருக்கு ஒரு யோசனை வந்தது. பிற்பாடு யோசித்துப் பார்த்தபோதும் அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

"நண்டு, அந்தச் சத்தத்தப் புடிக்க முடியுமா உன்னால?"

"சத்தத்த எப்படிப்பா புடிக்கிறது? கையா காலா இருக்கு அதுக்கு?"

"புடிச்சுட்டா ஒரு ஸ்டார்."

மாஸ்கிங் டேப்பில் நட்சத்திரம் வெட்டிக் காட்டினான். ஒரு பழைய ஷூ டப்பாவுக்குள் தலையணைப் பஞ்சை அடைத்து, பிடிபட்ட சத்தங்களுக்குச் சிறை என்று அறிவித்தான். குழாய்வாயில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடச் சொன்னான். சொட்டு நூலைப் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனது. நண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏமாந்துருச்சுப்பா" என்றாள், மெல்ல.

அதற்கப்புறம் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. நாற்காலிக் கால்களுக்குச் சாக்ஸ் மாட்டினார்கள். பெயிண்டருக்கு இப்போதைக்கு ஒற்றைச் சாக்ஸ் போதும் என்பதால் சப்ளை தாராளமாக இருந்தது. குளிர்பெட்டிக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினார்கள், அதன் நடுக்கம் நின்றது. அலமாரிக் கீலுக்கு எண்ணெய் விட்டார்கள். சுவர்க் கடிகாரம் இறங்கிச் சிறைக்குப் போனது. அமுக்கினால் கீச்சிடும் பொம்மை வாத்தும் போனது. ஒரு கட்டத்தில் சிண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் மூக்கருகே வைத்து நெடுநேரம் யோசித்தான்.

"என்னடா பாக்குற?"

"நீ மூச்சு விடுற."

"அது இருக்கட்டும்டா. அத மட்டும் விட்டுரு."

வீட்டில் அப்படியொரு நிசப்தம் வந்தது. மழைகூட அடுத்த தெருவில் பெய்வது போலிருந்தது. கட்டுக்குள் காலின் குடைச்சல் கொஞ்சம் அடங்கியிருந்தது. பிள்ளைகள் பூனை நடை நடந்துகொண்டிருந்தார்கள். பெயிண்டர் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னல் கறுத்திருந்தது. சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி இருந்தது. நண்டு தரையில் உட்கார்ந்து நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள். சிண்டின் சட்டை முழுக்க நட்சத்திரங்கள், போர் முடிந்து வந்த தளபதி மாதிரி நின்றான்.

"இவ்வளவு ஸ்டாரா? என்னடா புடிச்ச?"

"பெரிய சத்தம்ப்பா. அம்மா தலைமாட்டுல. பாட்டுப் பாடிக்கிட்டே ஆடுச்சு. நான் ஓடிப்போய்ப் புடிச்சுட்டேன்."

"அதுக்கு இவனுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்தேன்ப்பா" என்றாள் நண்டு. "அது ஜாஸ்தியா?"

பெயிண்டர் டப்பாவுக்குள் கையை விட்டான். கடிகாரம், வாத்து, இரண்டு கரண்டி. அடியில், பஞ்சுக்கு நடுவே, அவனுடைய சாக்ஸுக்குள் அவள் செல்போன். கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. திரையில் நேரம் இருந்தது. அதன் கீழே, எடுக்காத அழைப்புகளாக, சூப்பர்வைசர் வரிசையாக இருந்தார். அவள் வழக்கமாக ஏறும் பேருந்து போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒற்றைக் காலில் நொண்டிப் போய்த் திரையை விலக்கினான். அவள் மல்லாந்து, கைகளை அகல விரித்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இப்படித் தூங்கி அவன் பார்த்து மாதக்கணக்காகிறது. கையைத் தோளுக்குக் கொண்டுபோனவன் ஒரு கணம் அப்படியே நின்றான். எழுப்பினால் ஒரு பாவம், எழுப்பாவிட்டால் இன்னொன்று. தொட்டான்.

"என்னங்க... இருட்டிருச்சு?"

"ம்."

"அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சிருக்கு. புடிச்சுட்டாங்க."

"யாரு?"

"உன் புள்ளைங்க."

அவள் எழுந்து உட்கார்ந்து ஷூ டப்பாவைப் பார்த்தாள், சாக்ஸைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"தூங்கிட்டேன்."

முழுத் தூக்கம் தூங்கி எழுந்த முகம் அது. கண்ணுக்குக் கீழே வீக்கம் வடிந்து, தோல் தெளிந்திருந்தது. அதனால் கோபமும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அவள் திட்டவில்லை. திட்டினால் நேரமாகும். செல்போனை வாங்கிச் சூப்பர்வைசரை அழைத்துக்கொண்டே தலையை முடிந்தாள்.

"வேற ஆள ஏத்தப் போறேன்மா" என்று அந்தப் பக்கம் கேட்டது. குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

"சார், அரை மணி நேரத்துல வந்துருவேன். இன்னைக்குத்தான் சார் நல்லாத் தூங்கியிருக்கேன்."

"அத ஏம்மா எங்கிட்ட சொல்ற?"

அவள் கொண்டை ஊசியைச் செருகினாள். பிறகு, "வா. வந்து பேசு. கப்பல் நிக்குது" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். ஏற்றுவாரா, கொக்கி மாட்டச் சொல்வாரா, வாசலிலேயே திருப்பி அனுப்புவாரா, அந்த மூன்று வாக்கியத்திலிருந்து எதுவும் பிடிபடவில்லை.

அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போது சிண்டு குறுக்கே வந்து நின்றான்.

"அம்மா, நான் நல்லாப் புடிச்சேனா?"

பெயிண்டர் சுவரைப் பார்த்தான். அவள் குனிந்து, பையனின் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரத்தை அழுத்தி ஒட்டினாள்.

"நல்லாப் புடிச்சடா."

படிகளில் அவள் ஓடி இறங்கும் சத்தம் கேட்டது. கடைசி மாடி வரைக்கும் கேட்டது.

பிள்ளைகள் நடுக்கூடத்தில் நின்றார்கள். பெயிண்டருக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. "சரி, ஆட்டம் முடிஞ்சுது. அம்மா போயாச்சு. இப்ப எவ்வளவு வேணா கத்தலாம்" என்றான்.

நண்டு திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காதருகே வந்தாள்.

"என்னன்னு கத்துறது?" என்று கிசுகிசுத்தாள்.

அவன் தட்டுகளை எடுத்துவைத்தான். சாப்பிட்டார்கள். நாற்காலிகள் சத்தமில்லாமல் நகர்ந்தன. கை கழுவியதும் மூவரும் வெளியே போய் மாடி நடையின் முடிவில் இருந்த ஜன்னலருகே நின்றார்கள். கூரைகளுக்கு அப்பால், மழைக்குள், துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. மூன்றாவது அவளுடையது. அதன் கூண்டு இருட்டாக இருந்தது. பெயிண்டர் சுவரில் தோளைச் சாய்த்துக் கால் மாற்றி நிற்கப் பார்த்தான். மாற்றுவதற்கு இன்னொரு கால் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் சும்மா நின்றான்.

வெகுநேரம் கழித்துக் கூண்டில் விளக்கு எரிந்தது.

"அம்மாவா?" என்றாள் நண்டு.

"தெரியலம்மா. இங்கேருந்து தெரியாது."

கிரேனின் கை மெதுவாகக் கப்பல் பக்கம் போனது. ஒரு பெட்டி மேலெழுந்தது, இங்கிருந்து பார்க்கத் தீப்பெட்டி அளவு. அந்தரத்தில் லேசாக ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை கூண்டில் இருந்தவர் காத்திருப்பது தெரிந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. சிண்டு ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி, மழையில், பெட்டி தரையைத் தொடும்போது வரப்போகும் சத்தத்துக்காகக் குவித்து வைத்துக்கொண்டான்.