ஸ்கைலான்ஸின் இடப்பக்கம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. நன்றிக் கடிதம். திட்டி வந்திருந்தால் டிராயரில் போட்டுப் பூட்டியிருப்பேன். நன்றி சொல்லி வந்ததால் ஒன்பது நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'டெட்ராய்ட் ஆற்றோரம் ஒரு பழைய இரும்புக் கடையில், தார்ப்பாய்க்கு அடியில், ஒரு கனவு எங்களுக்காகக் காத்திருந்தது.'

அடித்துவிட்டேன். அது எங்கள் சங்கத்தின் காலாண்டிதழில் நான் ஏற்கெனவே எழுதிய கட்டுரையின் முதல் வரி. அந்தக் கட்டுரைக்குக் கேடயம் கூடக் கொடுத்தார்கள். அதில் ஒரு பொய் இருக்கிறது, அதைப் பிடுங்கத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது தொடக்கம்: 'மெர்ல் ஹேவர்காம்ப் அடிப்படையில் நல்ல மனிதன், ஆனால்

(இது முடியவில்லை. மெர்ல் நான்தான். 'ஆனால்' வரை வந்ததே பெரிய விஷயம்.)

2

எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது பேர் இருக்கிறோம், எல்லாம் நரைத்த தலைகள். ஐம்பதுகளில் கார் கம்பெனிகள் விற்பதற்கு அல்லாமல் காட்டுவதற்கென்றே செய்த கனவுக் கார்கள்மேல் எங்களுக்குப் பைத்தியம். கண்ணாடிக் குமிழ்க் கூரை, ஜெட் விமான மூக்கு, வாலில் துடுப்பு. பாதிக்கு எஞ்சினே கிடையாது. மேடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள், கண்காட்சி முடிந்ததும் நொறுக்கிவிடச் சொல்வார்கள். நொறுக்கப் போன ஆளுக்கு மனசு வராமல் தப்பித்தவை சில உண்டு. அவற்றைத் தேடித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

1957-இன் ஸ்கைலான்ஸ் அப்படித் தப்பித்த ஒன்று. அதற்கு உலகத்தில் ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு, வலப்பக்கத்திலிருந்து எடுத்தது. பத்து வயதில் அதைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். கதவின் நடுவில் மெல்லிய கோடாகத் தொடங்கிப் பின்சக்கரத்தைத் தாண்டும்போது எகிறி நிற்கும் அந்தத் துடுப்பு. வெட்கமில்லாமல் சொல்வேன், நான் காதலித்த முதல் வளைவு அது.

(வெட்கமில்லாமல் என்று எழுதிவிட்டேன். இந்தக் கதையில் அந்தச் சொல்லுக்கு இது ஒன்றுதான் இடம்.)

3

அந்த ஆற்றோர இரும்புக் கடையில் ஸ்கைலான்ஸ் சுவரோடு ஒட்டி நின்றது. கண்ணுக்குத் தெரிந்தது வலப்பக்கம் மட்டும். ரஸ்ஸின் டிங்கரிங் பட்டறைக்கு இழுத்து வந்த பிறகுதான் இடப்பக்கத்தைப் பார்த்தோம். ரஸ் என் சிநேகிதன், எங்கள் சங்கத்தில் கையால் வேலை தெரிந்த ஒரே ஆள்.

இடப்பக்கத்தில் துடுப்பே இல்லை. தோளிலிருந்து ஒரு கோடு தாழ்ந்து, கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளமாகி, வாலில் சத்தமில்லாமல் முடிந்திருந்தது.

"அடப்பாவி, எவனோ இடிச்சிட்டு ஒட்டுப் போட்டிருக்கான்," என்றேன்.

ரஸ் விரலை மடக்கி வரிசையாகத் தட்டிக்கொண்டே போனான். "இல்ல மெர்ல். ஒட்டுன்னா சத்தம் மாறும். இது ஒரே வார்ப்பு. பொறக்கும்போதே இப்படித்தான் பொறந்திருக்கு."

"ரெண்டு பக்கமும் ரெண்டு விதமாவா?"

"உன் மூஞ்சிய நீ கண்ணாடில பாத்ததே இல்லியா?"

"யோவ், புல்வெளிக் கண்காட்சிக்குப் பேரு குடுத்தாச்சு. அந்தப் போட்டோவும் அனுப்பியாச்சு. வெட்டிட்டு இந்தப் பக்கமும் துடுப்பு வை."

"வெட்டினா திரும்பி வராதுய்யா."

"வெட்டுன்னு சொல்றேன்ல."

வெட்டினான். நாற்பது வருஷம் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுத்தவன் நான். வலப்பக்கப் பல்லைப் பார்த்து இடப்பக்கத்துக்கு ஜோடி செய்வது என் பிழைப்பு. ஜோடி சேராத எதுவும் என் கண்ணுக்குக் கோளாறுதான். அதனால்தான் அந்த இடப்பக்கம் என்ன என்று எனக்குப் புரியாமல் போயிற்று.

(கடைசி வாக்கியத்தை மூன்று பிரதிகளில் விட்டுவைத்திருந்தேன். நன்றாக உட்கார்ந்த வாக்கியம். பொய்.)

புரிந்தது. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் களிமண் மாதிரியின் இரண்டு பக்கத்தையும் இரண்டு பேரிடம் கொடுப்பது உண்டு. நடுவில் பெரிய கண்ணாடியை நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுக் காராகத் தெரியும். பெரிய தலை வந்து சுற்றிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். சிலசமயம் அதற்கு முன்பே இரண்டு பக்கத்தையும் அப்படியே ஃபைபர் கிளாஸில் வார்த்துவிடுவார்கள். இதைப் பற்றி எங்கள் சங்கத்தில் படம் காட்டிப் பேசியவனே நான்தான்! ரஸ் தட்டிய அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த கார் அது இல்லை.

4

இனி கஸிமிர் வோய்டாஸ் வருகிறார். இவரை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. நான் எழுதும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார். நிஜத்தில் அவர் பெருமூச்சு விடவே இல்லை.

இரண்டு கோடைக்கு முன்னால், ஜூலை மாத ஞாயிறு. புல்வெளியில் ஸ்கைலான்ஸ் இரண்டு பக்கமும் துடுப்போடு நின்றது. முகப்பில் முதல் பரிசின் நீல ரிப்பன். நடுவர்கள் மூன்று பேர் பக்கத்திலேயே எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். எண்பதைத் தாண்டிய கஸிமிர் கைத்தடியோடு வந்தார், கூடவே மகள் ஹலீனா. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கிலிருந்து வந்திருந்தார்கள்.

வலப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். "இது ரெய்னரோட பக்கம், தம்பி. நல்லாத்தான் வரைவான். திமிர் பிடிச்ச பய, துடுப்பும் அவன மாதிரியே நிக்குது பாருங்க." பிறகு மகளிடம், "வாம்மா, அந்தப் பக்கம் போவோம். அப்பாவோடதக் காட்டுறேன்."

கார் பதினெட்டு அடி. அவர் அதைச் சுற்றி வர எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் உண்மையை நாலு தடவை சொல்லியிருக்கலாம்.

அந்தப் பக்கம் போய் நின்றார். துடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்து, அடியில் எதையோ தேடுகிறமாதிரி தடவினார். "இங்க ஒரு பள்ளம் இருக்கணுமே."

"என்னப்பா?"

"இங்கயும் ரெய்னர்தான் இருக்கான். என்னோடது எங்க?" என்னைப் பார்த்தார். "தம்பி, இந்தப் பக்கம் வேற மாதிரி இருந்துச்சா?"

இதைவிட நேராக யாரும் யாரையும் கேட்க முடியாது.

"இல்லீங்க," என்றேன். "எங்க கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

பக்கத்தில் நின்ற ரஸ், பாதி தின்ற ஹாட் டாக்கைப் பேப்பரில் மடித்தான். முப்பது வருஷச் சிநேகிதம் வாயை அடைத்துவிட்டது.

"விடுப்பா," என்றாள் ஹலீனா, அவர் தோளைத் தொட்டு. "வேற காரா இருக்கும். எத்தன வருஷம் ஆச்சு, யாருக்குத்தான் சரியா ஞாபகம் இருக்கும்?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இருக்கும்," என்றார்.

5

இங்கே வந்து ஒரு வாரம் நின்றுவிட்டேன். இதைத் தாண்டாமல் இருக்க என்னென்ன தில்லுமுல்லு செய்தேன் என்று சொல்கிறேன்.

ஒரு பிரதியில் கஸிமிரைப் பொய்க்காரராக்கினேன். அவர் ஸ்டுடியோவில் தரை கூட்டியவர், ரெய்னர்மேல் பொறாமை. இரண்டே பக்கத்தில் கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் புல்வெளியிலேயே நான் உண்மையைச் சொல்கிறேன், ரிப்பனைக் கழற்றி அவர் கையில் கொடுக்கிறேன், கூட்டம் கைதட்டுகிறது. அதை எழுதும்போது என் கண்ணே கலங்கிவிட்டது, அவ்வளவு மோசமான எழுத்து.

மூன்றாவதில், வெட்டச் சொன்னது ரஸ். அதை அவனிடம் படிக்கக் கொடுத்தேன்.*

* ரஸ் சொன்னது: "என்னக் கெட்டவனா எழுதிக்கோ, பரவால்ல. ஆனா அந்தக் கெழவர மட்டும் ரெண்டாவது தடவ வெட்டாத."

6

ஹலீனாவின் கடிதத்தை இதுவரை காட்டாமல் வைத்திருந்தேன். இதோ:

'அன்று அப்பாவிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியதற்கு நன்றி சொல்லாமலே இருந்துவிட்டேன். ஸ்கைலான்ஸின் இடப்பக்கம் தன்னுடையது என்று அப்பா சொல்லச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். அந்தக் காருக்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் அவரைக் கதவுக் கைப்பிடியும் சாம்பல் கிண்ண மூடியும்தான் வரைய விட்டார்கள். நடக்காததெல்லாம் அவருக்கு நடந்ததாக ஞாபகம் வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் போய்ச் சரிபார்க்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டேன் என்பார், போய்ப் பார்த்தால் அணைத்துத்தான் இருக்கும். ஆனாலும் பயமாக இருக்கிறது. வருகிற பதினைந்தாம் தேதி முதியோர் இல்லத்தில் சேர்க்கிறோம். அவருக்குப் போக மனமில்லை, ஆனால் எதிர்த்தும் பேசுவதில்லை. நான் ஏதாவது மறுத்துச் சொன்னால் "இருக்கும்" என்று விட்டுவிடுகிறார். அந்தக் காரின் படம் ஒன்று அனுப்பினால் அறையில் மாட்டிவைப்பேன்.'

அடுப்பு அணைந்துதான் இருந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. என் ஒரு வாக்கியத்தால் ஒரு மனிதருக்குத் தன் ஞாபகத்தின்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. பெற்ற மகளுக்கும் போய்விட்டது. நீல ரிப்பன் என் வரவேற்பறையில் இருக்கிறது.

கடிதத்தோடு ரஸ்ஸின் பட்டறைக்குப் போனேன். அவன் படித்துவிட்டு ஏணியைப் போட்டான். மேலே உத்தரத்தில் பழைய போர்வை சுற்றிப் பதினோரு அடி நீளத்துக்கு ஏதோ கட்டியிருந்தது.

"தூக்கிப் போடலியா?"

"நீ வெட்டத்தான சொன்ன. தூக்கிப் போடச் சொல்லலியே."

போர்வையை விலக்கினோம். இரண்டு வருஷத்துக்கு முன் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அந்தக் கோடு தாழ்ந்து போகிற போக்கில், பள்ளத்தில் ஒரு நிமிஷம் தயங்கி, பிறகு தன் பாட்டுக்குப் போகிறது. யாரையும் கூப்பிடாத அழகு. துடுப்பைவிட நன்றாக இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இன்னும் அதிகமாகக் கூசுகிறது.

7

இன்று பதினான்காம் தேதி, சனிக்கிழமை காலை. ஹாம்ட்ராம்க்கில் அவர்கள் வீட்டு வாசலில் ரஸ்ஸின் லாரி நிற்கிறது, பின்னால் அந்தப் போர்வைச் சுருட்டு.

(இந்த இடத்தை நேற்றே எழுதிவிட்டேன். இன்று வந்த பிறகு மாற்ற எதுவும் இல்லை. வாசலில் அட்டைப் பெட்டிகள் இருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.)

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கத்தில் கஸிமிர் பள்ளத்தில் கை வைக்கிறார், மகள் அழுகிறாள், பெட்டிகளைத் திரும்பப் பிரிக்கிறார்கள், என்னை மன்னிக்கிறார்கள். துடுப்புள்ள முடிவு. இடப்பக்கத்தில் அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்கிறார். அந்த முடிவில் நான் வந்து சேர்ந்தது தாமதமாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் எந்தக் கண்ணாடியை நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ரஸ் இறங்கி மணியை அடித்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை.

ஹலீனா கதவைத் திறக்கிறாள். "அட, நீங்களா! படத்த நேர்லயே கொண்டுவந்துட்டீங்களா? உள்ள வாங்க, அப்பா காபி குடிச்சிட்டு இருக்கார்." லாரியின் பின்பக்கத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

நான் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: எங்க கைக்கு வரும்போது அது இப்படி இல்லீங்க.

எழுதிவிட்டேன். எழுதுவது சுலபம். வாயைத் திறந்து சொன்னேனா என்று நீங்கள் கேட்பீர்கள், சொன்னேன் என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் என் பேச்சை நம்பியவர்களுக்கு என்ன ஆனது என்று நீங்களே பார்த்தீர்கள். என்னிடம் கேட்காதீர்கள். ஹலீனாவிடம் கேளுங்கள்.