சண்முகத்தாயின் குளிர்

பாதி உடம்பு வெந்துபோன சண்முகத்தாய் நடுங்கிக்கொண்டிருந்தாள். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்ததில் அகப்பட்டவள். தீக்காய வார்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. மதிய டூட்டிக்கு வந்த நர்ஸ் ஜெபராணி தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றைந்துக்கும் கீழே.

சுவரில் புது ஏ.சி. ஓடியது. கம்பெனி முதலாளியின் மகன் மணிகண்டராஜ் சற்று முன்புதான் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்திருந்தான். நெருப்பில் வெந்தவர்கள் குளுகுளுவென்று கிடக்கட்டும் என்று பதினாறில் வைக்கச் சொன்னானாம். போட்டோக்காரனோடு இன்னும் வாசலில்தான் நின்றான்.

ஜெபராணி அதை அணைத்துவிட்டு, கிடைத்த கம்பளியையெல்லாம் கொண்டுவந்து போர்த்தினாள்.

நல்லதுக்குத்தானே செய்தோம் என்றான் மணிகண்டராஜ்.

"தோலுதான் உடம்புக்கு மூடி. அது போச்சுன்னா தண்ணியும் சூடும் வெளியேறிக்கிட்டே இருக்கும். அம்புட்டையும் உடம்பு தீனிய எரிச்சுத்தான் ஈடுகட்டணும்" என்றாள்.

சாப்பாட்டைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக முதல் நாள் சொன்ன கம்பெனி, ரொட்டியும் பாலும் மட்டுமே அனுப்பிவந்தது. முட்டையும் பருப்பும் கேட்டு டாக்டர் இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. அதைச் சொன்னதும் அவன் முகம் சுளித்தான்.

"படுத்தே கிடக்கிறவளுக்கு அது போதாதா?"

"போதாது. சும்மா கிடந்தாலும் உயிரு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும். வெந்த உடம்புக்கு ரெண்டு மடங்கு தீனி வேணும். நீங்க குடுக்கலன்னா அது தன் சதையவே தின்னும். பதினோரு நாள்ல ஆறு கிலோ குறைஞ்சிருக்கா. அங்கன ஒரு தடவதான் எரிஞ்சா. இங்கன தினமும் எரிய விட்டிருக்கீக."

போட்டோக்காரன் கேமராவைத் தாழ்த்திக்கொண்டான்.

மரியாதைக் குறைவாகப் பேசினாள் என்று மறுநாளே புகார் வந்தது. ஜெபராணி விளக்கக் கடிதத்தில் சண்முகத்தாயின் எடையைத் தேதிவாரியாக எழுதிக் கொடுத்தாள். வேறு எதுவும் எழுதவில்லை. டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிச் சமையலறையே தினம் ஆறு முட்டை கொடுத்தது. கம்பெனியிலிருந்து ரொட்டி வருவதும் நின்றுபோனது.

மூன்றாவது வாரம் ஒட்டுத்தோல் பிடித்தது. ஆடியில் சண்முகத்தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை.

"தீபாவளி சீசன் ஆரம்பிச்சிருச்சு. உக்காந்து லேபிள் ஒட்டுற வேலையாச்சும் அந்தக் கம்பெனியில தருவாகளா, சிஸ்டர்?"

ஜெபராணிக்கு நெஞ்சு கொதித்தது. இந்தக் கோபத்தை இவளிடம் காட்ட முடியாது. மருந்துச் சீட்டை மடித்து, மடங்காத அந்தக் கையில் வைக்காமல், இடது கையில் வைத்தாள்.