பதினான்கு நாள் இரவல்

கொரோனா வந்த வருடம் எங்கள் கிளை நூலகத்தைத் தனிமைப்படுத்தும் முகாமாக்க வேண்டும், சாவியைக் கொடுங்கள் என்றார்கள். நான் நூலகர், லேசில் விடுவேனா? கட்டிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், விதிகள் என்னுடையவை என்று சொல்லித்தான் கொடுத்தேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய குடவாசல் பக்கத்து ஆட்கள் எட்டுப் பேர் அலமாரிகளுக்கு நடுவே பாய் விரித்தார்கள். 'இங்கு உறங்காதீர்கள்' என்ற பலகைக்கு நேர் கீழே ஒருவர் குறட்டை விட்டார். நான் வெளியே ஜன்னலோரம் நாற்காலி போட்டு, முகக்கவசத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருகைப் பதிவேட்டில் தினமும் எட்டுக் கையெழுத்து. மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

நௌஷாத் துப்பறியும் நாவல்களுக்குக் கீழே படுத்திருந்தார். எட்டு வருடமாக ஷார்ஜாவில் வேலை. முதல் வாரம் முழுக்கப் போனும் கையுமாகக் கிடந்தார். எட்டாம் நாள் சார்ஜர் உயிரை விட்டது. வேறு வழியில்லாமல் அறுநூறு பக்க நாவல் ஒன்றை உருவினார். கடையில் கிடைக்காத பழைய புத்தகம். அதன்பிறகு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட அவர் தலை நிமிரவில்லை.

பதினான்காம் நாள் காலை ஜன்னலுக்கு வந்தார்.

"மேடம், இன்னும் அறுபது பக்கம் இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"உறுப்பினருக்குத்தான் தருவோம். ரேஷன் கார்டுல உங்க பேர் இருக்கா?"

வெளிநாட்டில் இருப்பவர் என்று எப்போதோ எடுத்துவிட்டார்களாம்.

"அப்ப விதி இடம் கொடுக்காதுங்க" என்றேன். பாவமாகத்தான் இருந்தது.

சற்று நேரத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப சுகாதார ஆய்வாளர் வீரையன் வந்தார். அவரைப் பார்த்ததும் நௌஷாத் இருமினார். வீரையன் நாலடி பின்வாங்கி, "இருமல் இருந்தா இன்னும் ஏழு நாள் இங்கதான்" என்றார். நௌஷாத் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஆட்டோவோடு வாசலில் காத்திருந்த அவர் மனைவி ஜஸீலா நேராக என்னிடம் வந்தார்.

"கல்யாணமாகி எட்டு வருஷத்துல மொத்தம் பதினோரு மாசம்தான் சேர்ந்து இருந்திருக்கோம் மேடம். அதுல ஒரு நாள்கூட இவர் இருமினதில்ல. ஒழுங்கா இருமக்கூடத் தெரியல பாருங்க."

மறைக்க மனம் வரவில்லை. அறுபது பக்க விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஜஸீலா கணவரையே பார்த்தார். கணவர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

"உறுப்பினராக என்ன வேணும் மேடம்?"

ரேஷன் கார்டு அவர் பையிலேயே இருந்தது. விண்ணப்பம் வாங்கி, புத்தகத்தைச் சானிடைசரால் துடைத்து, பதினான்கு நாள் கெடு போட்டு முத்திரை குத்திக் கொடுத்தேன். நௌஷாத்துக்கு இருமல் நின்றுவிட்டது. வீரையன் தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி பரிசோதித்து, மூன்றாம் நாள் அவரை விடுவித்தார். புத்தகம் அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

கெடு முடியும் அன்று ஜஸீலா வந்தார்.

"படிச்சிட்டாரா?"

"நான் முடிச்சிட்டுத் தரேன்னு பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன். நான் மெதுவாத்தான் படிப்பேன் மேடம். இன்னொரு பதினாலு நாள் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். விதிப்படி இரண்டு முறை நீட்டிக்கலாம். ஜஸீலா வந்துகொண்டே இருந்தார். இடையில் முகாம் முடிந்தது, நூலகத்தைத் திறந்தோம், விமானங்களும் பறக்கத் தொடங்கின.

"ஏஜென்ட் போன் மேல போன் பண்றார். இவரோ, கொலைகாரன் யாருன்னு தெரியாம ஃபிளைட் ஏற மாட்டேங்கிறார். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்னு கடைத்தெருவுல போன் சார்ஜர் விக்கிறார்."

"நீங்க எத்தனாவது பக்கம் வந்திருக்கீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"நாலு மாசத்துலயா? கதை பிடிக்கலையா?"

ஜஸீலா குரலைத் தாழ்த்தினார். "கடைசிப் பக்கத்த மொத நாளே படிச்சிட்டேன் மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது எட்டாவது நீட்டிப்பு. முத்திரையை மையில் நன்றாக அழுத்தி எடுத்தேன்.