எஞ்சின் வாங்கிக்கொண்ட களைப்பு

2001ஆம் ஆண்டு மாசி மாதம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம், தெமோதரைக்கு மேலே இருக்கும் நெட்டிமலைத் தோட்டத்தில் யாருக்கும் களைப்பு வரவில்லை. அதே மாதத்தில்தான் வெலிமடை உருளைக்கிழங்கின் விலை விழுந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். களைப்புப் போனதை முதலில் கவனித்தவள் தோட்டத்து வரிசை வீடுகளில் நாலாம் லயத்து றீட்டா. மலையேறிக் கொழுந்து பறித்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்து, சோறாக்கி, துணி துவைத்து முடித்த பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு "மாதாவே" என்று உட்காருவது அவள் வழக்கம். அன்று உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் கழுவிய சட்டியை இன்னொரு தரம் கழுவினாள்.

காரணம் எஞ்சின். அந்த வருடப் பிறப்பில் பதுளைக்கு வந்து இறங்கிய புது ரயில் எஞ்சின் டீசல் குடிப்பதில்லை. தண்ணீருக்குள் கரண்ட் பாய்ச்சிப் பிரித்தெடுத்த ஹைட்ரஜன் வாயுவை உருளைகளில் அடைத்து அதன் முதுகில் ஏற்றுவார்கள். வயிற்றுக்குள் இருக்கும் பெட்டிகளில் அந்த வாயுவும் வெளிக்காற்றும் கூடும். கூடினால் கரண்ட் பிறக்கும், கரண்ட் சக்கரத்தைச் சுற்றும். புகை இல்லை, கரி இல்லை, சத்தமும் பேருக்குத்தான். மிச்சமாக வெளியே வருவது வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். அதைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவர் இரகுநாதன் என்ற யாழ்ப்பாணத்து எஞ்சினியர். தன் ஊருக்கு ரயில் ஓடாமல் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்ததால், அடுத்தவர் ஊர் ரயில்மேல் அளவுகடந்த பாசம் வைத்திருந்தார். பதுளையிலிருந்து புறப்படும் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே சுரங்கத்தின் தலைக்குமேல் இருக்கும் தெமோதரை ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும்போது தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும். அதை வடிகானில் திறந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. தோட்டத்துக் குழாய்களிலோ அப்போது காற்று மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. பெண்கள் குடங்களோடு வந்து நின்றதும் இரகுநாதன் உத்தரவை மறந்துவிட்டார்.

தவறு நடந்தது இங்கேதான். தோட்டத்தில் யாரிடம் எதை வாங்கினாலும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி தேயிலைத்தூள், நாலு பச்சை மிளகாய், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுக் கொடுக்கவேண்டும். எஞ்சினிடம் தண்ணீர் வாங்கியாயிற்று, பதிலுக்கு எதைக் கொடுப்பது? றீட்டா தேயிலைத்தூள் பொட்டலத்தோடு போனபோது இரகுநாதன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். தூசு தும்பு ஏதாவது உள்ளே போனால் பெட்டிகள் செத்துவிடுமாம். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அவள் எஞ்சினின் சூடான விலாவில் உள்ளங்கையை வைத்து, "எங்கிட்ட வேற என்னப்பா இருக்கு, இந்த அலுப்புதான் இருக்கு" என்றாள். பேச்சுக்குச் சொன்னதுதான். எஞ்சின் அதை வாங்கிக்கொண்டது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமி அப்படியே செய்தாள், ஒரு வாரத்துக்குள் தோட்டம் முழுக்கச் செய்தது.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. பெண்கள் வேலை முடிந்து வந்து லயத்துக்குப் பின்னால் போஞ்சி நட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. படுத்தால் தூக்கம் வராது, விழித்திருந்தால் அலுப்பும் வராது. இதற்குள் மடுவத்தில் தராசு இறங்கிய இறக்கத்தைத் தோட்டத்துரை கண்டுவிட்டார். காய்த்த மரம்தானே கல்லடி படும்? ஒரு பேருக்கு இத்தனை கிலோ என்றிருந்த கணக்கை ஏற்றினார், அதையும் எட்டிவிட்டார்கள் என்று கண்டு இன்னொரு தரம் ஏற்றினார். களைப்புத்தான் போயிருந்ததே தவிர, ஆளுக்கு இரண்டு கைக்குமேல் முளைக்கவில்லை, பகலும் நீளவில்லை. நாற்பதைக் கடந்த றீட்டாவின் விரல்கள் பின்தங்கின. அரைநாள் சம்பளமான அரைப்பேர் அவளுக்கு விழத் தொடங்கியது.

காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டில் தம்பையா கங்காணி அவளைத் தனியாக நிறுத்தினார். "இப்படியே போனா செக்ரோல்ல இருந்து பேர வெட்டிருவாங்க றீட்டா. பேரு போனா வீடும் போயிரும். மகளக் கொண்டாந்து ஒங்கூட நெறையில விடு. ரெண்டு பேரு பறிச்சா ஒரு கணக்கு தேறும்."

மகள் சஜீவனி அப்போது பதுளைக்கு ரயிலில் போய் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். நாலாம் லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்த பிள்ளை வேறு கிடையாது. றீட்டா நேரே துரையின் ஒப்பீசுக்குப் போய், கணக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்டாள்.

துரை பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "ஏன், களைப்பா இருக்கா?"

றீட்டா உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தாள். பொய் சொல்வதற்குக்கூட ஓரிடத்தில் கொஞ்சமாவது இருக்கவேண்டும். "இல்லீங்க" என்றாள்.

"அப்ப பறி."

தொழிலாளர் சங்கத்துத் தலைவரும் போய்ப் பார்த்தார். அவரும் எஞ்சினில் கை வைத்துக் கொடுத்தவர், ஆகையால் அதே பதிலோடு திரும்பி வந்தார்.

இந்தப் பக்கம் எஞ்சின் படுத்துக்கொண்டது. சுற்றுப்பாதையில் பெருமூச்சு விட்டுவிட்டு ஏறும், தெமோதரையில் நின்றால் அடுத்த ஸ்டேஷனான எல்லக்குப் புறப்பட மனமில்லாமல் நிற்கும். பயணிகள் இறங்கித் தண்டவாளத்தில் உட்கார்ந்து கடலை தின்றார்கள். இரகுநாதன் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். வாயு சரி, காற்று சரி, பெட்டிகள் சரி. மாதக் கடைசியில் அதை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்போவதாக மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. தண்ணீருக்குப் போன றீட்டா, அவர் படிக்கட்டில் தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பதைக் கண்டாள்.

"இதுக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லையக்கா" என்றார் அவர். "களைச்சுப் போச்சுது, அவ்வளவுதான். ஏறுற ஏத்தத்துக்கு இவ்வளவு களைப்பு வராது. வேற ஆரின்ரையோ களைப்பையும் சேத்துச் சுமக்குது."

றீட்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எங்களோடதுதாங்க ஐயா" என்றாள். "ஒரு தோட்டத்து அலுப்பு அம்புட்டும் அதுக்குள்ளதான் கெடக்கு. நீங்க ஒண்ணும் வைக்கலியா?"

"என்ரை வேற மாதிரிக் களைப்பு. அதை இது தாங்காது" என்றார் இரகுநாதன்.

அன்று மாலை லயத்து வாசலில் பெரிய சண்டை நடந்தது. "களப்ப யாராச்சும் கேட்டு வாங்குவாங்களா? ஒனக்குக் கிறுக்கா?" என்று பாக்கியலெட்சுமி கத்தினாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது ஈனம் என்றார்கள் சிலர். றீட்டா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "களப்பு இல்லன்னா தொரகிட்ட என்னத்தக் காட்டிக் கேக்குறது? எஞ்சினு போயிரும். கணக்கு போகுமா? எம்புள்ளைக்கு இப்ப, ஒம்புள்ளைக்கு அடுத்த வருஷம்." பாக்கியலெட்சுமி தன் சின்ன மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி மட்டும் வாங்கினால் அவள் மட்டும் வீழ்வாள், எல்லோரும் வாங்கவேண்டும் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்தவர்களும் கோயிலுக்குப் போய்வந்தவர்களும் ஸ்டேஷனில் கூடினார்கள். எஞ்சினின் இரண்டு பக்கமும் நின்று விலாவில் கை வைத்தார்கள். "குடுத்தத கேக்குறோமேன்னு கோவிச்சுக்காத" என்றாள் றீட்டா. எஞ்சின் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்துக் களைப்பும் பிளாட்பாரத்தில் இறங்கியது. யாருடையது யாருக்குப் போனது என்று பார்க்க நேரமில்லை. றீட்டாவுக்குப் பாக்கியலெட்சுமியின் இடது முழங்கால் வந்து சேர்ந்தது. பெண்கள் நின்ற நின்ற இடத்தில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார்கள். எஞ்சின் சத்தமில்லாமல் எல்லப் பக்கம் ஏறிப் போனது.

அந்த வாரம் மடுவத்தில் தராசு அசையவே மாட்டேன் என்றது. எல்லோருக்கும் அரைப்பேர் போடலாம்தான், ஆனால் அரைப்பேரை வாட்டித் தூளாக்க முடியாது. பெக்டரி பட்டினி கிடந்தது. துரை மலைக்கே வந்து, நிரை நிரையாகக் கூடையோடு சரிந்து கிடந்தவர்களைப் பார்த்தார். றீட்டாவைக் கண்டதும் பழைய கேள்வியைக் கேட்டார். "ஆமாங்க" என்றாள் அவள். எழுந்து நின்று சொல்ல அவளால் முடியவில்லை. அடுத்த பெரட்டில் பழைய கணக்கே வாசிக்கப்பட்டது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. பழைய கணக்கும் ஒன்றும் இலேசானதல்ல.

இப்போதும் அந்தத் தண்ணீரில்தான் தோட்டம் சமைக்கிறது. பதிலுக்குத் தேயிலைத்தூள் இரகுநாதனின் கேத்தலுக்குப் போகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய கணக்கு திரும்பி வந்த அடுத்த திங்கட்கிழமை காலை றீட்டா பாயிலிருந்து எழும்ப முடியாமல் முனகினாள். வெள்ளைச் சீருடையில் நின்ற சஜீவனி புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுத் தைலத்தை எடுத்தாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்குது. பாக்கியத்தோட முழங்காலு, அது அப்படித்தான் வலிக்கும். போத்தல அங்கன வச்சிட்டு ஓடு. ரயிலு வந்துரும்."