ஊர் எல்லைக்குள்

மணி நாலரை தாண்டிவிட்டது. நாலு மணிக்குப் பிள்ளையைப் படகுத்துறை வாசலில் கொண்டுவந்து விட வேண்டும் என்பது கோர்ட்டு உத்தரவு. அவள் அப்பன் ஜெயமுருகனைக் காணோம். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சோளம் சுடுகிறவருக்கும் சைக்கிள் வாடகைக் கடைக்கும் நடுவே நடந்து நடந்து எனக்குக் கால் ஓய்ந்தது. உட்காரவும் முடியவில்லை. உட்கார்ந்தால் கண்டதெல்லாம் மனசில் ஓடியது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்பனும் மகளும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கொடைக்கானல் ஊர் எல்லைக்குள்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து நான்தான் பஸ்ஸேற்றிக் கூட்டிவருகிறேன். அது போதாதென்று முழுப்பரீட்சை லீவுக்கும் பிள்ளையைத் தன்னோடு அனுப்பச் சொல்லி மனுப் போட்டிருக்கிறான். அடுத்த வாரம் விசாரணை. "அவரு ஒரே ஒரு தடவ உத்தரவ மீறுனாலும் எனக்குச் சொல்லிருங்க பாண்டிச்செல்வி. லீவுக்கு அனுப்புறத நிப்பாட்டிரலாம்" என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். எப்போதடா மீறுவான் என்றுதான் நானும் இருந்தேன். மீறிவிட்டான். சந்தோஷத்தைத்தான் காணோம். வக்கீலம்மாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

காய் ஏற்றுகிற ஜீப் ஒன்று வந்து நின்றது. அவன் குதித்தான். பின்னாலேயே சாதனா இறங்கினாள், இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு. மூன்றாம் வகுப்புதான் படிக்கிறாள்.

"நேரம் என்னங்க ஆகுது? பிள்ளைய எங்க கொண்டுட்டுப் போனீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "போட்டுல போனோம்மா. ரெண்டு ரவுண்டு. எறங்கவே மாட்டேன்னு நாந்தான் அடம்புடிச்சேன். அப்பாவ ஏசாத."

அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். சொல்லிக்கொடுத்தவன் அப்படி முழிக்க மாட்டான். அடிப் பாவி மகளே, இதை நீயாகவே படித்துக்கொண்டாயா?

குனிந்து அவள் ஸ்வெட்டர் பட்டனைப் போட்டேன். பூண்டு வாடை குப்பென்று அடித்தது. ஊர் எல்லை தாண்டி, கவுஞ்சியில் இருக்கிற அவன் பூண்டுக் காட்டில் இன்றைக்கு நடவு. முதல் பூண்டுப் பல்லை வீட்டுப் பெண்பிள்ளை தன் கையால் மண்ணில் ஊன்றாமல் அவன் ஆளைக் காட்டில் இறக்க மாட்டான். இவளை நடக்கத் தெரியாத வயசிலேயே கைராசிக்காரி என்று தூக்கிக்கொண்டுபோய் ஊன்ற வைத்தவன். அப்போது பக்கத்தில் நின்று சிரித்தவள்தான் நானும். கோர்ட்டாவது கத்தரிக்காயாவது என்று அவ்வளவு தூரம் போய்த் திரும்பியிருக்கிறான். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருப்பேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பட்டனைப் போட்டேன்.

"பாத்துப் போங்க," என்றான் அவன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

ரோட்டைத் தாண்ட அவளிடம் கையை நீட்டினேன். என் முந்தானைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாளே தவிர, கையைத் தரவில்லை.

பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "வளைவு வருதுடி. கைய எடுத்து முன்னாடி கம்பியப் பிடிச்சுக்கோ."

"குளிருதும்மா."

என் போன் அடித்தது. வக்கீலம்மா. பெயரை அவளும் படித்துவிட்டாள். "எடுக்கப் போறியாம்மா?" என்றாள்.

பஸ் வளைந்தது. அவள் சரிந்துபோய் ஜன்னல் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அடுத்த வளைவில் என்மேல் வந்து விழுந்தாள். மறுபடி ஜன்னலில். கண்ணில் நீர் முட்டிவிட்டது. கைகள் மட்டும் பைக்குள்ளேயே இருந்தன.