ஒரே வீச்சில் இரண்டு செய்தி

சுரங்கம் இடிந்து அண்ணனும் இன்னும் மூன்று பேரும் உள்ளே மாட்டிக்கொண்டபோது காலை ஒன்பது மணி. பத்துக்குள் மேஸ்திரி தோண்டும் இயந்திரத்தை மேல்வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டார். மேல்வாசலா கீழ்வாசலா, எந்தப் பக்கம் தோண்டினால் மிச்சப் பாறையும் அவர்கள் தலையில் விழாது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கே வயர்லெஸ் என் பொறுப்பு. எங்களுக்குக் கிடைத்த அலைவரிசை ஒற்றையடிப் பாதை மாதிரி, ஒரு நேரத்தில் ஒன்றுதான் போகும். அதனால் சுரங்கத்துக்குள் போகும் காற்றுக்குழாயின் நடுவில் ஒரு பெட்டி மாட்டி அதற்கு ஒரு வித்தை சொல்லிவைத்திருந்தேன். வெளியே எங்கள் கருவியும் உள்ளே அவர்கள் கருவியும் அனுப்பும் இரண்டு செய்தியையும் எழுத்துக்கு எழுத்து கூட்டி, இரண்டு பக்கமும் ஒரே தடவை வீசும். அவரவர் அனுப்பியதை அவரவர் கழித்துக்கொண்டால் மிஞ்சுவது எதிர்ப்பக்கத்துச் செய்தி.

பெட்டியின் பேட்டரியில் ஒரே ஒரு வீச்சுக்குத்தான் உயிர் இருந்தது.

"அண்ணி, கேள்வியை மட்டும் அடிங்க. கதை எழுதாதீங்க!" என்று அண்ணன் மனைவியைக் கருவி முன் உட்காரவைத்துக் கத்திவிட்டு, ஆன்டெனாவைப் பிடிக்க வெளியே ஓடினேன்.

திரும்பி வந்தபோது இரண்டு செய்தியின் கூட்டல் வந்து சேர்ந்திருந்தது. பெட்டி அணைந்துவிட்டது. கழிப்பதற்கு எங்கள் செய்தியைத் தேடினால், காணோம். இடம் போதவில்லை என்று, அனுப்பியதை உடனே அழித்துவிடும்படி இந்தப் பக்கத்துக் கருவியைப் போன வாரம் மாற்றிய புத்திசாலி நானேதான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"என்ன அடிச்சீங்க? ஒரு எழுத்து பிசகக் கூடாது."

"எந்தப் பக்கம் தோண்டணும்னுதான்."

அதையே அடித்துக் கழித்தேன். திரையில் அர்த்தமில்லாத எழுத்துக் குப்பை.

"கேள்விக்குறி போட்டீங்களா? இடைவெளி?"

மறுபடியும் குப்பை. வெளியே இயந்திரம் உறும ஆரம்பித்தது. அண்ணி தரையைப் பார்த்தார்.

"முன்னாடி வேற ஏதோ அடிச்சிருக்கீங்க."

"உங்கிட்ட எப்படிடி சொல்றது? காலையில வாய்க்கு வந்தபடி திட்டித்தான் அனுப்பினேன் உங்கண்ணனை."

"அண்ணி, சொல்லுங்க!"

தலை நிமிராமலே சொன்னார்: "நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க. பத்திரமா வந்துடுங்க. எந்தப் பக்கம் தோண்டணும்?"

அப்படியே அடித்துக் கழித்தேன். எங்கள் கேள்விக்குக் காத்திராமல் அதே நேரத்தில் உள்ளிருந்து அனுப்பியிருந்த அண்ணன், குப்பைக்குள்ளிருந்து பேசினார்.

"மேல தோண்டாதீங்க, பாறை தொங்குது. கீழ வாங்க."

மீதியைப் படிக்காமல் ஓடினேன். நான் போட்ட கூச்சலில் மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்தினார். வாளி அப்போது பாறையைத் தொட ஒரு முழம்தான் பாக்கி.

திரும்பி வந்தால் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு திரைமுன் நின்றார். மீதி இருந்தது: "அவகிட்ட சொல்லுங்க, தப்பு என்னோடது."

ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமலே, இருவரும் கேட்ட மன்னிப்பு அந்தக் குழாய்க்குள் ஒன்றாகக் கலந்து பறந்திருக்கிறது. கணக்கு என்னுடையதுதான். ஆனால் அது இவ்வளவு பெரியது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு, கீழ்வாசல் வழியாக, நாலாவது ஆளாக அண்ணன் வந்தார். வந்ததும் அண்ணியிடம் கேட்டார்: "நான் அனுப்பினது வந்துச்சா?"

"தனியா வரலை," என்றார் அண்ணி. "என்னோடதோட சேர்ந்துதான் வந்துச்சு."